மரக் கங்காருவுக்கு ஏன் வாழைப்பழம் இல்லை?

கேள்வி: டொக்டர், மகளிடம் சிங்கப்பூர் போயிருந்தபோது பேரனோடு மிருகக்காட்சிசாலைக்குப் போனேன். மரக் கங்காரு ஒன்று கிளையில் சுருண்டு தூங்கிக்கொண்டே இருந்தது. பிறகு அதற்கு வைத்ததெல்லாம் இலையும் கொஞ்சம் காய்கறியும்தான். நாலு வாழைப்பழம் வைக்கக் கூடாதா, அது பட்டினி கிடக்கிறதா என்று பேரன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பட்டினி இல்லை அம்மா. அந்த இலைதான் அதற்குச் சோறு.

பப்புவா நியூகினி மலைக்காடுகளில் வாழும் மரக் கங்காருக்கள் இலை, பன்னம், பூ, மரப்பட்டை, காட்டுப் பழம் என்று தின்பவை. இலையில் சத்துக் குறைவு. அதனால் உடம்பும் சிக்கனமாகவே செலவழிக்கும். எட்டுக் கிலோ எடையுள்ள பூனை, நாய் போன்ற பிராணி சும்மா படுத்திருக்கவே நாளொன்றுக்கு ஏறக்குறைய 330 கிலோகலோரி வேண்டும். கங்காருபோல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் பைவிலங்குக்கு, அதே எடையென்றால், பொதுவாக 230 அளவு போதும். மரக் கங்காருவின் செலவு குறைவு என்பதை 1988இல் விலங்கியலாளர் பிரையன் மெக்னாப் அளந்து எழுதினார். நடுத்தரமான ஒரு வாழைப்பழத்தில் 100 கிலோகலோரி இருக்கிறது. நாலு பழம் என்றால் என்னவாகும் என்று பேரனையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடித் திரியக் காடும் இல்லாத இடத்தில் மிச்சமெல்லாம் கொழுப்பாகத்தான் சேரும். கூண்டில் வளரும் மரக் கங்காருக்களுக்கு உடற்பருமன் உண்மையான தொல்லை.

அதைவிட எனக்குப் பயம் வயிற்றைப் பற்றித்தான். பசுவைப்போல இதற்கும் முன்வயிற்றில் நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துத்தான் சத்தைப் பிரித்துக் கொடுக்கின்றன. ஒரு பட்டிப்பொங்கல் இரவு வத்தளையிலிருந்து கூப்பிட்டார்கள். வீட்டார் ஆளுக்கொரு கைப்பிடியாகப் பொங்கலும் பழமும் ஊட்டியிருந்தார்கள். பசுவின் இடப்பக்கம் மேளம்போல ஊதிக் கிடந்தது. விடியும்வரை போராடியும் காப்பாற்ற முடியவில்லை. அன்பால் ஊட்டிய பொங்கல் அது. இனிப்பும் மாவும் வேகமாகப் புளித்து அமிலம் ஏறினால் இலை தின்னும் வயிறு தாங்காது. தெகிவளை மிருகக்காட்சிசாலையில் கூட்டுக்குள் பிஸ்கட் எறிகிறவர்களைக் கண்டால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறும்.

நல்ல மிருகக்காட்சிசாலைகளில் முசுக்கட்டை, வில்லோ போன்ற மரக்கிளைகளை இலையோடு கட்டிவிடுவார்கள். உரித்துக் கடிக்க வேலையும் கிடைக்கும், பல்லுக்கும் நல்லது. கூடவே கீரைவகை, கொஞ்சம் கரட், வத்தாளங்கிழங்கு, இலையுண்ணிகளுக்கென்று செய்த உலர் தீவனம். நாங்கள் வாங்கித் தின்னும் பழம் காட்டுப் பழத்தைவிட இனிப்பும் கூட, நாரும் குறைவு. அதனால் பழத்தைத் துண்டு கணக்கில்தான் கொடுப்பார்கள், மருந்து ஊட்டவும் தராசில் ஏறப் பழக்கவும்.

தராசு முக்கியம். பார்வைக்கு எல்லாம் பஞ்சுப்பொதிபோலத்தான் இருக்கும், ரோமத்துக்குள் மெலிவும் தெரியாது, கொழுப்பும் தெரியாது. பைக்குள் குட்டி வளர்ந்து தாய் பால் கொடுக்கும் மாதங்களில் தேவை ஏறும். அப்போது தாயின் எடையைப் பார்த்துப் பார்த்துத் தீவனத்தைக் கூட்டுவார்கள். கூட்டுவதும் முதலில் இலையைத்தான்.