திரும்ப வளரும் கண் சதை

கேள்வி: பனையேறும் என் அப்பாவுக்கு வயது 52. வலது கண்ணில் மூக்கோரம் வளர்ந்த சதையை இரண்டு வருடம் முன்பு ஆபரேஷன் செய்து எடுத்தோம். ஐந்தே மாதத்தில் முன்னைவிடத் தடிப்பாக வளர்ந்து, இப்போது கருவிழி மேல் ஏறிவிட்டது. வலப்பக்கம் பார்த்தால் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். மறுபடி எடுத்தால் மறுபடி வருமா?
- வாசகி, திசையன்விளை

பதில்: முதலில் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். அதில் 'ஒட்டு' வைத்ததாக இருக்கிறதா என்று பாருங்கள். டெரிஜியம் என்கிற இந்தச் சதையைச் சுரண்டிவிட்டு இடத்தை வெறுமனே விட்டால், பாதிப் பேருக்கு மேல்கூடத் திரும்பி வருவதுண்டு. அதே கண்ணில் மேல் இமை மறைக்கும் வெள்ளை விழி மீதிருந்து மெல்லிய சவ்வை எடுத்து அங்கே ஒட்டினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைப் போல லேசானதல்ல. பழைய தழும்பு, கண்ணை மூக்குப் பக்கம் திருப்பும் தசையோடு ஒட்டிக் கிடக்கும். அப்பாவுக்கு இரட்டையாகத் தெரிவது அந்தத் தழும்பு கண்ணை வெளிப்பக்கம் திரும்பவிடாமல் இழுத்துப் பிடிப்பதால்தான். டாக்டர் முதலில் அந்தத் தசையைக் கொக்கியில் பிடித்துக் காப்பாற்றிக்கொண்டு, பிறகே தழும்பை வெட்ட வேண்டும். அவசரப்பட்டால் தசையே வெட்டுப்படும். ஆகவே கருவிழிப் பிரிவு டாக்டரிடமே போங்கள்.

ஒட்டு, காலியான இடத்தைவிடச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கணும், சுருங்கினாலும் இழுக்காது. சவ்வை எடுத்த இடத்தில் கருவிழியை ஒட்டியிருந்த ஓரம் இங்கும் கருவிழிப் பக்கமே வரணும். தையல் போட்டால் சில நாள் உறுத்தும். தையலுக்குப் பதில் ஃபைப்ரின் என்ற பசையில் ஒட்டினால் உறுத்தல் குறைவு, நேரமும் மிச்சம், ஆனால் செலவு கூடும். திரும்பி வந்த சதைக்கு மறுபடி வளர்வதைத் தடுக்கும் 0.02 சதவீத மைட்டோமைசின் மருந்தைப் பஞ்சில் நனைத்துச் சில நிமிடம் வைத்து, நன்றாகக் கழுவிவிடுவதும் உண்டு. அளவு மீறினால் வெள்ளை விழியே கரைந்து மெலியும். அப்பாவுக்குக் கண் நீர் அழுத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மேல்பக்கச் சவ்வை அந்த அழுத்தத்துக்கான பின்னாளைய ஆபரேஷனுக்கு விட்டுவைத்து, கீழ்ப்பக்கம் எடுப்பார்கள். வெட்டிய சதையைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். சதை போலவே தோன்றும் புற்றும் உண்டு.

கண் சிவந்து கொதித்துக் கிடக்கும்போது கத்தி வைக்கக் கூடாது. பதனீர் காலம் முடிந்து, ஆடிக் காற்றும் ஓய்ந்தபின் ஆவணி, புரட்டாசியில் வைத்துக்கொள்வது நல்லது என்பேன். தேரி மணல் புது ஒட்டில் விழாது, மரம் ஏறும் நெருக்கடியும் இருக்காது. முதல் வாரம் கண்ணைக் கசக்கினால் ஒட்டு கழன்றுவிடும். தூங்கும்போது பிளாஸ்டிக் மூடி கட்டாயம். ஸ்டீராய்டு சொட்டைச் சிவப்பு குறைந்ததும் நிறுத்தாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் படிப்படியாகத்தான் குறைக்கணும், இடையில் கண் அழுத்தமும் பார்க்கணும். திரும்ப வளர்வது பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் தெரிந்துவிடும்.

கேள்வி: சதையும் புரையும் சேர்ந்து இருந்தால்?
- வாசகர், வள்ளியூர்

பதில்: பெரிய சதையானால் அதை முதலில் எடுங்கள். கருவிழியை இழுத்து வளைத்து வைத்திருப்பதால் லென்ஸ் அளவு தப்பாக வரும். இரண்டு மூன்று மாதம் கழித்து அளவெடுத்துப் புரைக்குப் போகலாம்.