பூஞ்சையும் பாக்டீரியாவும் ஆலைக்குப் போனால்: வாசகர் கேள்விகள்

கே: ஜூஸ் பாட்டிலில் சிட்ரிக் அமிலம் என்று போட்டிருக்கிறதே, எலுமிச்சையிலிருந்துதானே எடுக்கிறார்கள்?

ப: இல்லை. ஒரு காலத்தில் இத்தாலிய எலுமிச்சையிலிருந்து எடுத்தார்கள். இப்போது அஸ்பெர்ஜில்லஸ் நைஜர், அதாவது வெங்காயத்தின் மேல் கருப்பாகப் படிகிறதே, அந்தப் பூஞ்சை. அமில ஊடகத்தில் அது சிட்ரிக் அமிலத்தை ஏராளமாக வெளியேற்றுகிறது என்று 1917-இல் ஜேம்ஸ் கரி காட்டினார், அதை வைத்து 1919-இல் ஃபைசர் நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியது. சர்க்கரையைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு மாங்கனீஸை மட்டும் கிட்டத்தட்ட இல்லாமல் செய்துவிட வேண்டும். மாங்கனீஸ் கொஞ்சம் கூடினாலும் பூஞ்சை உடம்பை வளர்க்கப் போய்விடும், அமிலம் குறைந்துவிடும். அதனால்தான் தண்ணீரிலும் வெல்லப்பாகிலும் உள்ள உலோகங்களை நீக்க இவ்வளவு பாடுபடுகிறார்கள். கடைசியில் பூஞ்சையை வடிகட்டி, சுண்ணாம்பு சேர்த்து கால்சியம் சிட்ரேட்டாக வீழ்த்தி, கந்தக அமிலத்தால் பிரித்தெடுப்பார்கள்.

கே: சைவர்கள் சீஸ் சாப்பிடலாமா?

ப: பச்சைப் புள்ளி இருந்தால் தாராளமாக. பாலைத் திரிக்கும் கைமோசின் நொதி முன்பு கன்றின் இரைப்பையிலிருந்து வந்தது. அதற்கான மரபணுவை ஏற்றிய நுண்ணுயிர்கள் சுரக்கும் கைமோசினை அமெரிக்கா 1990-இல் அனுமதித்தது. வேறு பூஞ்சை நொதிகளும் உண்டு.

கே: அஜினோமோட்டோ ரசாயனம்தானே?

ப: உப்பும் ரசாயனம்தான், அது பெரிய விஷயமில்லை. அஜினோமோட்டோ என்பது குளுட்டமேட் என்ற சுவைப்பொருளின் சோடிய உப்பு. 1908-இல் ஜப்பானில் இகெடா என்ற வேதியியலாளர் 'கொம்பு' எனப்படும் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தார். பிறகு வெகுகாலம் கோதுமைப் புரதத்தை அமிலத்தில் உடைத்துத்தான் தயாரித்தார்கள். 1950களில் ஜப்பானிய ஆய்வாளர் கினோஷிதாவின் குழு கண்டுபிடித்த கோரினேபாக்டீரியம் என்ற பாக்டீரியா அந்த வழியையே மாற்றியது. பயோட்டின் என்ற வைட்டமின் பற்றாக்குறையானால் அதன் செல் உறை கசிந்து, குளுட்டமேட் வெளியே கொட்டுகிறது. கரும்புப் பாகில் பயோட்டின் நிறைய இருக்கும், அங்கே பெனிசிலினைச் சிறிது சேர்த்து உறையைப் பலவீனப்படுத்துவார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த உத்தி இது!

கே: ஒரு பாக்கெட் ஈஸ்ட்டைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டு வீட்டிலேயே பெருக்கிக்கொள்ளலாமா? நுரை நிறைய வருகிறது.

ப: நுரை வருவது பெருகுவதற்கான அடையாளம் இல்லை. சர்க்கரை அதிகமானால், காற்று இருந்தாலும்கூட, ஈஸ்ட் அதை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும், புதுச் செல்கள் குறைவாகவே கிடைக்கும். ஆலையில் வெல்லப்பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே, காற்றைப் பலமாக ஊதுகிறார்கள், நைட்ரஜனுக்கு அம்மோனியாவும் கொடுப்பார்கள். வீட்டில் அது நடக்காது. வேண்டுமானால் மாவும் தண்ணீரும் கலந்த புளிப்பு மாவில், தினமும் புது மாவு சேர்த்து, கொஞ்சம் உயிரோடு வைத்துக்கொள்ளலாம். ஆனால் லாக்டிக் பாக்டீரியாவும் கூடவே வளரும், ரொட்டி புளிக்கும்.