இடுப்பின் பக்கவாட்டில் வலி: தேய்மானமா?

கேள்வி: எனக்கு 48 வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். நாலு மாதமாக வலது இடுப்பின் வெளிப்பக்கம் வலி. சரிவில் ஏறினால் கூடுகிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள். தேய்மானமா டாக்டர்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: தேய்மானமாக இருக்க வாய்ப்பு குறைவு அம்மா. இடுப்பு மூட்டு தேய்ந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் வரும். சம்மணம் போடவே சிரமப்படுவீர்கள். இடுப்பின் வெளிப்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முண்டின் மேல் வலித்தால், அங்கே ஒட்டியிருக்கும் தசைநாண்தான் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) புண்பட்டிருக்கும். எக்ஸ்ரேயில் நாண் தெரியாது.

அங்கே நாணால் ஒட்டியிருப்பவை குளூட்டியஸ் மீடியஸ், மினிமஸ் என்ற இரண்டு புட்டத் தசைகள். அவைதான் காலை வெளிப்பக்கம் விலக்குகின்றன. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் இடுப்பு மறுபக்கம் சரியாமல் தாங்குவதும் அவையே. சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என ஊன்றி, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தே நெடுநேரம் பறித்தால் நாண் எலும்பின் மேல் அழுந்துகிறது. 40 வயது தாண்டிய பெண்களுக்கு இது அதிகம்.

சுவரில் ஒரு விரலை வைத்து, வலது காலில் மட்டும் 30 விநாடி நின்று பாருங்கள். அதற்குள் அந்த முண்டின் மேலேயே வலி வந்தால் சந்தேகம் உறுதிப்படும்.

கால் மேல் கால் போடாதீர்கள். நிரைக்குள் அடிக்கடி திரும்பி நின்று, கீழ்ச்சரிவுக் காலை மாற்றுங்கள். இடப்பக்கம் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். கையில் சுமை தூக்கினால் வலது கையில். கம்பு ஊன்றினால் இடது கையில். மாற்றிப் பிடித்தால் வலது தசைக்குப் பாரம் கூடும். முழங்காலை எதிர்த் தோளுக்கு இழுத்துவிடும் பயிற்சியைப் பலர் நல்லதென்று சொல்வார்கள். கண்டிப்பாக வேண்டாம், நாணை அது இன்னும் நசுக்கும்.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, தொடைகளைச் சுற்றி ஒரு துண்டை முடிச்சுப் போடுங்கள். கால் அசையாமல், துண்டை வெளிப்பக்கம் மெதுவாக 10 விநாடி தள்ளுங்கள். ஒரு வேளைக்கு 5 முறை, தினமும் இரு வேளை. இரண்டு வாரத்தில் வலி அடங்கினால், மல்லாந்தபடியே இடுப்பைத் தூக்கி இறக்குவது. பிறகு சமதளத்தில் பக்கவாட்டு நடை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். குணம் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும், தசைக்கு வலு தராது.

காய்ச்சல், கால் மரத்துப்போதல், விழுந்த பின் ஊன்ற முடியாமை, நடக்கையில் இடுப்பு ஒரு பக்கம் தொங்குதல் இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியில் நாளைக் கடத்தாமல் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நாண் கிழிந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.