மான்ஸ்டெரா மஞ்சளானால் உரப் பையைத் தொடாதீர்கள்

கேள்வி: சென்னையில் ஃபிளாட். ஹாலில் டிவி பக்கத்தில் பெரிய மான்ஸ்டெரா செடி வைத்திருக்கிறேன், தினமும் ஒரு சொம்புத் தண்ணீர். கீழ் இலைகள் மஞ்சளாகின்றன, புது இலைகளில் இந்தச் செடிக்கே உரிய கிழிசல் விழவில்லை. என்ன உரம் போடலாம்?

உரம் இப்போது வேண்டாம். அந்தத் தினசரி சொம்புதான் வினை என்று பந்தயமே கட்டலாம்.

இது தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரைக்கும் உள்ள காடுகளில் மரத்தைப் பற்றி ஏறுகிற கொடி, வேருக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். நர்சரிக்காரர் அடைத்துத் தருகிற செம்மண்ணோ தினமும் நனைந்தால் களியாக இறுகிவிடும், வேர் அழுகும், அழுகிய வேர் தண்ணீரை இழுக்காததால் இலை தொங்கும், அதைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று நாம் இன்னொரு சொம்பு ஊற்றுவோம்.

செடியைத் தொட்டியிலிருந்து கழற்றிப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, கெட்டியாக இருக்கும். பழுப்பாகக் கொழகொழத்து, இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மாதிரி மிஞ்சினால் அது போய்விட்டது, சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். அப்புறம் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மட்கிய உரம், கரித்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு கலந்து நடுங்கள். கோகோபீட்டில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்த பிறகே சேருங்கள். பெரிய தொட்டிக்கு ஆசைப்பட வேண்டாம், மிச்ச மண் காயாமல் கிடந்து பழைய கதையாகிவிடும். இனி விரலை இரண்டு கணு ஆழம் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும், அடியில் வழியும்வரை ஊற்றுங்கள்.

கிழிசல் விஷயம் வேறு. செடி முதிர வேண்டும், வெளிச்சம் வேண்டும், ஏறப் பிடிமானம் வேண்டும். டிவி மூலை நமக்கு வெளிச்சமாகத் தெரியும், செடிக்கு அது இருட்டு. ஜன்னலுக்குப் பக்கத்தில், உச்சி வெயில் நேராக விழாத இடத்துக்கு நகர்த்தி, தேங்காய் நார் சுற்றிய கம்பை நட்டு, இலைக்காம்பைக் கட்டாமல் தண்டைக் கட்டுங்கள். முழுசாக விரிந்துவிட்ட இலை பிறகு கிழியாது, அடுத்தடுத்து வருபவற்றில்தான் மாற்றம் தெரியும். அதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

காலையில் இலை நுனியில் துளி நிற்கிறதா? நோய் இல்லை, உள்ளே கூடின தண்ணீரைச் செடியே வெளியே தள்ளுகிறது. வீட்டில் பூனையோ தவழும் குழந்தையோ இருந்தால் மட்டும் எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள், இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும்.