மூலையில் குவியும் ஐகான்கள்: எதை மறைக்கலாம்?

கேள்வி: பினாங்கு லெபோ பாசாரில் துணிக்கடை வைத்திருக்கிறோம். பில் போடும் கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. வலது கீழ் மூலையில் ஐகான்கள் குவிந்து, வேலைக்கு இருக்கும் தம்பிகள் எதையாவது தட்டிவிடுகிறார்கள். வைஃபை, ஒலி உட்பட எல்லாவற்றையும் மறைக்க முடியுமா? தமிழ், ஆங்கிலம் மாற்றும் குறியையும் காணோம்.

பதில்: எல்லாவற்றையும் முடியாது. விண்டோஸ் 10-இல் ஒலி, நெட்வொர்க் என்று தனித்தனியாக எடுக்கலாம். 11-இல் இரண்டையும் ஒரே பொத்தானாக்கிவிட்டார்கள். பிரித்து மறைக்க செட்டிங்ஸில் வழியில்லை. கடிகாரத்தை மறைக்கலாம், ஆனால் கல்லாவில் உட்காருபவருக்கு மணி தெரிய வேண்டாமா?

மற்றவை சுலபம். டாஸ்க்பாரின் காலி இடத்தில் வலது கிளிக் செய்து 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' போங்கள். அங்கே 'அதர் சிஸ்டம் ட்ரே ஐகான்ஸ்' என்பதைத் திறந்தால் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சுவிட்ச் இருக்கும். அணைத்தால் ஐகான் மேல்நோக்கிய சின்ன அம்புக்குறிக்குள் போய்விடும். மவுஸால் இழுத்து அதற்குள் போட்டாலும் சரி. அந்த அம்புக்குறியே வேண்டாமென்றால், அதே பட்டியலில் 'ஹிடன் ஐகான் மெனு'வை அணையுங்கள். உங்கள் கடைக்கு அதுதான் தோது.

ஆனால் ஐகானை மறைத்ததால் செயலி நின்றுவிடாது. புலனம் (வாட்ஸ்அப்) பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கணினியைத் திறந்ததும் அது தானாகக் கிளம்பக் கூடாது என்றால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'ஸ்டார்ட்டப் ஆப்ஸ்' பகுதியில் 'டிஸேபிள்' செய்யுங்கள்.

ஆன்டிவைரஸையும் பேக்கப்பையும் மட்டும் கண்ணில் படும்படி விடுங்கள். கணக்குக் கோப்புகளை ஒன்டிரைவில் வைத்திருந்தால், கோப்பு ஏறாதபோது அந்த மேக ஐகானில் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் பெருக்கல் குறி வரும். மறைத்துவிட்டால் அதை யார் பார்ப்பது?

இந்த மாற்றங்கள் எல்லாம் அந்தந்தப் பயனர் கணக்குக்குத்தான். அதனால் தம்பிகளுக்குத் தனிக் கணக்கு தொடங்கி, அதில் மட்டும் மறையுங்கள். உங்கள் கணக்கு இருந்தபடியே இருக்கும்.

அப்புறம் அந்த மொழிக் குறி. விண்டோஸ் பொத்தானையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். தமிழ் வந்தால் விசைப்பலகை பத்திரமாக இருக்கிறது, குறிதான் ஒளிந்திருக்கிறது. செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', 'டைப்பிங்', 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்' என்று போய், 'டெஸ்க்டாப் லாங்குவேஜ் பார்' பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். தமிழ் வரவில்லையா? யாரோ விசைப்பலகையையே நீக்கியிருக்கிறார்கள். அதை மறுபடி சேருங்கள். இரண்டு விசைப்பலகை இருந்தால்தான் அந்தக் குறியே வரும்.