குரூஸ் கப்பலின் வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா?

பெற்றோருடன் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் வழியாகச் செல்லும் குரூஸ் கப்பலில் போகவிருப்பதாகவும், கப்பலில் காசு கொடுத்து வாங்கும் வைஃபையில் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், வாட்ஸ்ஆப் ஆகியவற்றைத் திறப்பது பாதுகாப்பானதா, விபிஎன் (இணையப் போக்குவரத்து முழுவதையும் மறைத்து அனுப்பும் செயலி) கட்டாயமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் திறக்கலாம். ஆனால் அதற்கான ஏற்பாடுகளை வீட்டில் இருக்கும்போதே, உங்கள் சிம்மில் சிக்னல் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்த பிறகு நீங்கள் செய்யக்கூடியது மிகவும் குறைவு. நான் சிங்கப்பூரில் வலையமைப்புப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களை இந்தக் கப்பல்களுக்கு அனுப்பிவைப்பதும், உடன் செல்வதும் உண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பொது வைஃபையில் யாரோ ஒருவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து உங்கள் கடவுச்சொல்லைக் காற்றிலிருந்து பிடித்துவிடுவார் என்ற அச்சம் ஒரு காலத்தில் முற்றிலும் உண்மையாக இருந்தது. 2010-ல் வெளிவந்த ஃபயர்ஷீப் என்ற சிறு நீட்சியை உலாவியில் நிறுவிக்கொண்ட எவரும், அதே வைஃபையில் இருக்கும் அடுத்தவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே சொடுக்கில் நுழைய முடிந்தது. பெரும்பாலான தளங்கள் அன்று உள்நுழையும் பக்கத்தை மட்டும் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி குறியீடாக மாற்றுவது) செய்துவிட்டு மற்றதையெல்லாம் திறந்தபடியே அனுப்பியதுதான் அதற்குக் காரணம். அதன் பிறகு பெரிய தளங்கள் எல்லாப் பக்கங்களையும் மறையாக்கம் செய்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறைக்கு முழுமையாக மாறின. 2015 இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு அதற்குத் தேவையான, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்களை இலவசமாகப் பொதுமக்களுக்கு வழங்கத் தொடங்கியதும் சிறிய தளங்களும் மாறின. இன்று உங்கள் வங்கிச் செயலி அனுப்பும் தகவல் ஒட்டி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் கடிதத்தைப் போன்றது. கப்பலின் வைஃபையை நடத்துபவர் உறையின் மேலுள்ள முகவரியைப் பார்க்கலாம், அதாவது நீங்கள் எந்த வங்கியின் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை அறியலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை அறிய முடியாது.

கப்பலுக்கே உரிய ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கப்பலின் இணையம் செயற்கைக்கோள் வழியாகப் போகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பாவுர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், 400 டாலருக்கும் குறைவான விலையில் எளிதில் கிடைக்கும் தொலைக்காட்சிக் கருவிகளைக் கொண்டே, சுமார் 2.6 கோடி சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் செல்லும் கப்பல்களுக்கான செயற்கைக்கோள் தகவல்களை இடைமறிக்க முடிந்ததைக் காட்டினார்கள். அவர்கள் கைக்கு அகப்பட்டவற்றுள் மறையாக்கம் செய்யப்படாத தகவல்கள் ஏராளம். ஆகவே உலாவியின் முகவரிப் பட்டையில் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டும் தளம் எதுவாக இருந்தாலும், அதில் பெயரோ பாஸ்போர்ட் எண்ணோ எதையும் தட்டச்சு செய்யாதீர்கள். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் ‘பரவாயில்லை, தொடர்க’ என்ற பொத்தானைத் தொடவே கூடாது. இந்த ஒரு விதியை அப்பா அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைத்தாலே பாதிக் கவலை தீரும்.

மீதமிருக்கும் ஆபத்து பொய்யான வாசல்தான். கப்பலின் வைஃபைக்குப் பெரும்பாலும் கடவுச்சொல் இருக்காது. யார் வேண்டுமானாலும் இணையலாம், இணைந்ததும் ஒரு நுழைவுப் பக்கம் தோன்றும், அதில் கேபின் எண்ணையோ கணக்கு எண்ணையோ பிறந்த தேதியையோ கொடுத்து உள்ளே போக வேண்டும். அதே பெயரில் இன்னொரு வைஃபையைக் கைப்பைக்குள் அடங்கும் ஒரு கருவியால் எவரும் உருவாக்கிவிடலாம். 2024 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு விமானம் ஒன்றின் ஊழியர்கள் பறந்துகொண்டிருக்கும்போதே சந்தேகத்துக்குரிய வைஃபை ஒன்றைக் கவனித்துவிட, அந்த விமான நிறுவனம் காவல்துறையிடம் தெரிவித்தது. பெர்த் விமான நிலையத்தில் ஒரு பயணியின் பையில் சிறிய வைஃபை கருவி ஒன்று கிடைத்தது. அவருடைய போலி நுழைவுப் பக்கம் இணையம் தருவதாகச் சொல்லி மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகளின் கடவுச்சொற்களைக் கேட்டது என்று அந்நாட்டுக் கூட்டரசுக் காவல்துறை தெரிவித்தது. விமானத்தைப் போலவே கப்பலும் மூடிய இடம். வேறு இணைப்பு இல்லாத, எப்படியாவது இணைந்துவிட வேண்டும் என்று தவிக்கும் ஆயிரக்கணக்கானோர் அங்கே இருக்கிறார்கள்.

வைஃபையின் பெயர் எதற்கும் அத்தாட்சி ஆகாது என்பதற்குப் போர்க்கப்பலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்கக் கடற்படையின் மான்செஸ்டர் என்ற கப்பலில் 2023-ல் மூத்த மாலுமிகள் சிலர் அனுமதியில்லாமல் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவையின் தட்டு ஒன்றைப் பொருத்தித் தங்களுக்கென வைஃபை நடத்தினார்கள். சந்தேகம் எழுந்தபோது, பார்ப்பவருக்கு அது அச்சு இயந்திரத்தின் வைஃபை என்று தோன்றும்படி பெயரை மாற்றிவைத்தார்கள். அத்தனை கட்டுப்பாடுள்ள கப்பலிலேயே அது சில மாதங்கள் ஓடியது. எனவே உங்கள் கப்பலில் ஏறியதும் விருந்தினர் சேவை மேசையில் வைஃபையின் சரியான பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனத்தின் செயலியை ஊரிலேயே நிறுவி, இணையப் பேக்கேஜையும் முடிந்தால் அங்கேயே வாங்கிவிடுங்கள். உண்மையான நுழைவுப் பக்கம் உங்கள் ஜிமெயில் கடவுச்சொல்லையோ வங்கி விவரத்தையோ கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்டால் உடனே வெளியேறுங்கள்.

இன்னொரு வாசலும் இருக்கிறது, அது அன்பான முகத்தோடு வரும். பேக்கேஜ் விலை அதிகம் என்பதால் ‘நான் வாங்கியிருக்கிறேன், என் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துகொள்ளுங்கள், பாதிப் பணம் கொடுத்தால் போதும்’ என்று சக பயணிகள் சொல்வது குரூஸ்களில் சகஜம். சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அந்த நேரத்தில் உங்கள் இணையம் முழுவதும் ஓர் அந்நியரின் கருவி வழியாகப் போகிறது. குடும்பத்துக்குள் பகிர்ந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விபிஎன் பற்றிக் கேட்டீர்கள். நல்ல விபிஎன் இருந்தால் மேலே சொன்ன உறையின் முகவரியும் மறைந்துவிடும். போலி வைஃபையில் தவறி இணைந்தாலும் பாதிப்பு குறையும். ஆனால் போலி நுழைவுப் பக்கத்தில் நீங்களே தட்டச்சு செய்த கடவுச்சொல்லை எந்த விபிஎன்னும் காப்பாற்றாது. நுழைவுப் பக்கத்தைக் கடந்த பிறகுதான் அது இயங்கவே தொடங்கும். இலவச விபிஎன்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் கப்பல்காரரிடம் காட்ட மறுத்ததை முகம் தெரியாத ஒரு நிறுவனத்திடம் காட்டுவதில் பயன் ஏதும் இல்லை. சில கப்பல்களில் விபிஎன் தடுக்கப்பட்டிருக்கும், சில வங்கிச் செயலிகளும் விபிஎன் ஓடும்போது திறக்க மறுக்கும். அலுவலக வேலை செய்ய வேண்டியிருந்தால் விபிஎன் அவசியம் என்பேன். வங்கிச் செயலியில் இருப்பு பார்ப்பதற்கு அது இல்லாமல் போனாலும் பயப்பட வேண்டாம்.

என் அனுபவத்தில் கடலில் மக்கள் உண்மையில் சிக்கிக்கொள்வது திருடரிடம் அல்ல, ஓடிபியிடம். இதை முக்கியமாகக் கவனியுங்கள். கப்பல் கரையை விட்டு விலகியதும் உங்கள் சிம்முக்குச் சிக்னல் போய்விடும், அல்லது கப்பலுக்குள்ளேயே இருக்கும் கைபேசிக் கோபுரத்தோடு அது தானாக இணைந்துகொள்ளும். அந்தக் கோபுரமும் செயற்கைக்கோள் வழியாகத்தான் இயங்குகிறது, வழக்கமான வெளிநாட்டு ரோமிங் பேக்குகளில் பெரும்பாலும் அது சேராது, கட்டணம் மிக அதிகம். அதனால் எல்லோரும் செய்வதைப் போல ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் இயக்குவீர்கள், அதுதான் சரி. ஆனால் கப்பலின் இணையம் செயற்கைக்கோள் வழியே போய் வேறொரு நாட்டில் பொது இணையத்தோடு சேர்வதால், உங்கள் மின்னஞ்சல் நிறுவனமோ வங்கியோ ‘இதுவரை இல்லாத இடத்திலிருந்து உள்நுழைகிறார்’ என்று சந்தேகித்து ஓடிபி அனுப்பும்; அந்த ஓடிபி எட்ட முடியாத சிம்மைத் தேடிக்கொண்டிருக்கும். அவசரத்தில் சிலர் ஊரில் இருக்கும் உறவினரிடம் கடவுச்சொல்லைச் சொல்லி ‘நீ போய்ப் பார்’ என்கிறார்கள், சிலர் கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையே அணைத்துவிடுகிறார்கள். பாதுகாப்பு உடைவது இந்த இடத்தில்தான்.

ஆகவே கிளம்புவதற்கு முன்பே மின்னஞ்சலின் இரட்டைச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸிலிருந்து ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாற்றுங்கள். அது இணையமே இல்லாமல் 30 வினாடிக்கு ஒரு புதிய எண்ணைத் தரும். கைபேசி இல்லாதபோதும் உள்நுழைய உதவும்படி கூகுள் தரும் மாற்றுக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு அல்லாமல் வேறு பையில் வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் இரண்டு படிச் சரிபார்ப்புக்கான ஆறிலக்கப் பின்னை அமையுங்கள். யூபிஐ செயலிகள் உங்கள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் கைபேசியை அடையாளம் காண்கின்றன என்பதால், சிங்கப்பூரில் இறங்கியதும் இந்தியச் சிம்மைக் கழற்றிவிட்டு உள்ளூர்ச் சிம்மைப் போடாதீர்கள், செயலியை நீக்கி மறுபடி நிறுவவும் செய்யாதீர்கள். பயணத்துக்கு இ-சிம் (அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதிவாகும் சிம்) வாங்கிக்கொண்டு இந்தியச் சிம்மை அதன் இடத்திலேயே விட்டுவையுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல், கடிகாரம். சிங்கப்பூரும் பினாங்கும் ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்கின்றன, புக்கெட் ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பலோ தனக்கென ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளும். கப்பலுக்குத் திரும்பும் நேரம் தவறிவிடக் கூடாது என்று பயணிகள் கைபேசியின் மணியைக் கையால் திருத்துகிறார்கள். அப்படித் திருத்தினால் ஆதென்டிகேட்டர் தரும் எண்கள் எல்லாம் தவறாகிவிடும். மணியைத் தொடாமல், அமைப்புகளில் நேர மண்டலத்தை மட்டும் கப்பல் நேரத்துக்குப் பொருந்தும்படி (அது சிங்கப்பூர் நேரமானால் சிங்கப்பூர் என்று) தேர்ந்தெடுத்தால் எந்தச் சிக்கலும் வராது.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். புதிய கப்பல்கள் பலவற்றில் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் மட்டுமே சுற்றும் ஸ்டார்லிங்க் இருக்கிறது. சில கப்பல்கள் இன்னும் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களை நம்பியிருக்கின்றன. அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். பணம் அனுப்பும்போது சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தால் மறுபடி அழுத்தாமல், முதலில் கணக்கில் பணம் போயிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் மின்கட்டணம், தவணை போன்றவற்றைக் கிளம்புமுன்பே கட்டிவிடுங்கள்.

பெற்றோருக்கான சில குறிப்புகள். கப்பல் அட்டையையும் கேபின் கதவு எண்ணையும் படமெடுத்துக் குடும்பக் குழுவிலோ ஃபேஸ்புக்கிலோ போட வேண்டாம் என்று சொல்லுங்கள். பல கப்பல்களில் கேபின் எண்ணும் பிறந்த தேதியும்தான் இணையக் கணக்கின் சாவி, அந்தக் கணக்கோடு உங்கள் கடனட்டையும் இணைந்திருக்கும். கப்பலின் நூலகத்தில் பொதுக் கணினிகள் இருந்தால் செய்தி படிக்கலாம், எந்தக் கடவுச்சொல்லையும் அதில் தட்டச்சு செய்யக் கூடாது. பினாங்கிலோ புக்கெட்டிலோ இறங்கும்போது துறைமுகத்தை ஒட்டிய கடைகளின் இலவச வைஃபையைத் தேடி அலைவதைவிட இ-சிம்மின் இணையம் எவ்வளவோ மேல். வங்கி வேலை ஏதேனும் மிச்சமிருந்தால் அந்தச் சில மணி நேரத்தில் முடித்துக்கொள்ளலாம்.

கடைசியாகப் பணம். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அட்டைதாரரே இயக்கவும் அணைக்கவும் வரம்பு வைக்கவும் ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபர் முதல் வசதி இருக்கிறது. பயணத்துக்கென ஓர் அட்டையில் மட்டும் குறைந்த வரம்பு வைத்து மற்றவற்றில் அணைத்துவிடுங்கள். கடலில் எஸ்எம்எஸ் வராது என்பதால் பரிவர்த்தனை அறிவிப்புகளை மின்னஞ்சலுக்கும் வரச்செய்து, நாளுக்கு ஒருமுறை பாருங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் தரப்பால் நேர்ந்த மோசடியை, வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை சொன்னது; இன்றைய விதியை வங்கியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இந்தியாவுக்குள் அழைப்பதற்கானது. அதனால் உங்கள் வங்கிக்கு வெளிநாட்டிலிருந்து அழைக்க வேண்டிய முழு எண்ணையும், அட்டையைச் செயலியிலேயே முடக்கும் இடம் எது என்பதையும் கிளம்புமுன் கண்டறிந்து, அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும்படி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.