முறிந்த எலும்பு கூடும். தசையை யார் பார்ப்பது?

எலும்பு மெலிந்து முள்ளெலும்பு நசுங்கியவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளைச் சேர்த்து வைத்துப் படித்தேன். கால்சியம் எவ்வளவு, எந்த ஊசி, பெல்ட் எத்தனை நாள் என்று பெரும்பாலும் எலும்பைச் சுற்றித்தான் இருக்கின்றன. அந்த எலும்பைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து நிமிர்த்தி வைத்திருக்கும் தசையின் நிலை என்ன என்று கேட்டவர் ஒருவர்தான். அவர் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையின் கடைசி வரியில், முதுகுத் தசைகள் சுருங்கிக் கொழுப்பு படிந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அது முக்கியமா?

பதில்: முக்கியம். அந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள். முதுகெலும்பின் இருபுறமும் தசைகள் அடுக்கடுக்காக ஓடுகின்றன. எலும்பை ஒட்டி ஆழத்தில் இருந்து, பக்கத்துப் பக்கத்து முள்ளெலும்புகளைப் பிணைத்துப் பிடிப்பது மல்டிஃபிடஸ். அதற்கு வெளியே நீளமாக மேலேறிப் போய் உடம்பை நிமிர்த்துவது எரெக்டர் ஸ்பைனே. ஸ்கேனின் குறுக்குவெட்டுப் படத்தில் நல்ல தசை ஒரே சீராகக் கருஞ்சாம்பல் நிறத்தில் தெரியும். கொழுப்பு புகுந்த தசையில் வெள்ளை இழைகள் ஓடும். மிக மோசமானால் தசை இருக்க வேண்டிய இடமே வெளுத்துக் கிடக்கும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

உடம்பின் எடை முள்ளெலும்புகளுக்கு முன்பக்கமாக விழுகிறது. அதை ஈடுகட்டும் இழுப்பு பின்பக்கத் தசையிலிருந்து வர வேண்டும். தசை தளர்ந்தால் உடம்பு முன்னால் சாய்கிறது. சாயச் சாய, ஏற்கெனவே நசுங்கிய எலும்பின் முன்விளிம்பு இன்னும் அழுத்தம் வாங்குகிறது. எலும்பு ஆப்பு வடிவத்தில் குறுகுவதும் கூன் விழுவதும் இப்படித்தான். தசை சிறுத்துக் கொழுப்பேறியவர்களுக்கு வலி நீடிப்பதும், முறிந்த எலும்பு ஒன்றுசேரத் தாமதமாவதும் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலியால் அசையாமல் கிடந்தாலும் தசை கரையும் என்பதால், எது முதலில் வந்தது என்று பிரிப்பது கடினம். உங்கள் அம்மாவுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. வலி, முடக்கம், தசைத் தளர்ச்சி, மறுபடி வலி என்ற சுழலை எங்காவது உடைக்க வேண்டும். நம் கைக்கு எட்டும் இடம் தசைதான். படிந்த கொழுப்பு முழுவதும் மறைந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 70-ஐத் தாண்டிய பிறகும் பயிற்சி கொடுத்தால் தசைக்கு வலிமை கூடும்.

கேள்வி: மூன்று மாதம் படுத்தே இருக்கச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். எழுந்தால் எலும்பு கூடாது என்கிறார்கள்.

பதில்: அன்பால் சொல்கிறார்கள், ஆனால் கேட்காதீர்கள். எலும்பு கூட 6 முதல் 12 வாரம் ஆகலாம் என்பது சரி. அத்தனை வாரமும் படுத்திருக்க வேண்டும் என்பது சரியல்ல. வலி கடுமையாக இருக்கும் முதல் சில நாட்கள் ஓய்வு போதும். அதற்கு மேல் படுக்கையிலேயே கிடந்தால் தசையும் கரையும், மிச்ச எலும்பும் மெலியும். காலில் ரத்தம் உறைவது, நுரையீரலில் சளி கட்டுவது போன்ற ஆபத்துகளும் அப்புறம் சேர்ந்துகொள்ளும். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்துக்கு முறையாகப் போட்டுக்கொண்டு, அது வேலை செய்யும் நேரத்தில் வீட்டுக்குள்ளேயே சில நிமிடம் நடங்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள்.

எழுந்திருக்கும் விதம்தான் பலருக்கும் தெரிவதில்லை. மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்து உட்காரக் கூடாது. முழங்கால்களை மடக்குங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்துப் படுங்கள். இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே, கையை ஊன்றி உடம்பை மேலே தள்ளுங்கள். இடுப்பு முறுகவும் கூடாது, முதுகு வளையவும் கூடாது. படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள்.

கேள்வி: வயது 64. எலும்பு மெலிவு என்று, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் வந்தது. தினமும் குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சியும், படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியும் செய்கிறேன். தொடரலாமா?

பதில்: அந்த இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். பயிற்சியை நிறுத்தாதீர்கள், வகையை மாற்றுங்கள். 1984-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், எலும்பு மெலிந்த 59 பெண்களிடம் இதைப் பார்த்தார்கள். முன்னால் வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக முள்ளெலும்பு நசுங்கியது அல்லது ஏற்கெனவே நசுங்கியது மோசமானது. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் அது 16 சதவீதம்தான். எதுவுமே செய்யாதவர்களில் 67 சதவீதம். சிறிய ஆய்வு, எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தவறான பயிற்சி சும்மா இருப்பதைவிடக் கெடுதலாகலாம் என்பதை அது காட்டியது.

2002-இல் அதே நிறுவனத்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது. மாதவிடாய் நின்ற 50 பெண்கள். ஒரு பிரிவினர் இரண்டு ஆண்டுகள், குப்புறப் படுத்து முதுகில் எடை கட்டிக்கொண்டு மார்பை உயர்த்தும் பயிற்சி செய்தார்கள். பயிற்சியை விட்டு 8 ஆண்டு கழித்து எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது, அவர்களுடைய முள்ளெலும்புகளில் 1.6 சதவீதம் நசுங்கியிருந்தன, செய்யாதவர்களிடம் 4.3 சதவீதம். எடை கட்டுவதை நீங்களாகத் தொடங்க வேண்டாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் நெருக்கி 5 விநாடி பிடித்து விடுவதிலிருந்து தொடங்குங்கள். மூச்சை அடக்காதீர்கள். அது பழகிய பிறகு, வயிற்றுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுத்து மார்பைச் சற்றே தூக்கலாம். ஏற்கெனவே முறிவு இருப்பவர்கள் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். தரையில் இருப்பதை எடுக்கும்போதும் முதுகை வளைக்காமல் இடுப்பையும் முழங்காலையும் மடக்குங்கள்.

கேள்வி: பெல்ட் போட்டால் தசை பலவீனமாகிவிடும் என்கிறார்களே?

பதில்: முதல் சில வாரம், எழுந்து நடமாடும் நேரத்தில் மட்டும் போட்டுக்கொண்டால் பயப்பட ஒன்றுமில்லை. வலி குறைந்து நடக்க முடிகிறது என்றால் பெல்ட் தசைக்கு நல்லதே செய்கிறது. எலும்பு கூடிய பிறகும் பழக்கத்தில் மாதக்கணக்காகக் கட்டிக்கொண்டிருப்பதுதான் வேண்டாம்.

கேள்வி: நசுங்கி நான்கு மாதம் ஆகிறது. படுத்தால் வலி இல்லை. எழுந்தால், நின்றால், உயிர் போகிறது. இது சகஜமா?

பதில்: இல்லை. நான்கு மாதத்துக்குப் பிறகும் இப்படி இருந்தால் முறிவு கூடவில்லையோ என்று பார்க்க வேண்டும். நசுங்கிய எலும்புக்குள் ஒரு பிளவு உண்டாகி, அதில் வாயுவோ நீரோ நிரம்பி, நிற்கும்போது மூடியும் படுக்கும்போது திறந்தும் அசைந்துகொண்டிருக்கும். ஜெர்மன் அறுவை மருத்துவர் கும்மெல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விவரித்ததால் இதற்கு அவர் பெயர். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பக்கவாட்டு எக்ஸ்-ரே எடுத்து, எலும்பின் உயரம் மாறுகிறதா என்று ஒப்பிட்டால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். எம்.ஆர்.ஐ. அதை உறுதி செய்யும்.

இப்படிப்பட்டவர்களுக்கு எலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் வெர்டிப்ரோபிளாஸ்டி பற்றி டாக்டர் பேசலாம். சாதாரண நசுங்கலுக்கு அது அவசியமா என்பதில் சர்ச்சை உண்டு. 2009-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிமென்ட் வைத்தவர்களுக்கும் வைத்ததுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. கூடாத முறிவு வேறு கதை. அங்கே உங்கள் டாக்டரின் தீர்ப்புக்கு மதிப்பு கொடுங்கள். சிமென்ட் வைத்தாலும் தசைப் பயிற்சி வேண்டும். சிமென்ட் எலும்பை நிலைப்படுத்தும், நிமிர்ந்து நிற்க வைப்பது தசைதான்.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாது. காலில் பலம் குறைந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோ, காரணமில்லாத எடை இழப்போ, முன்பு புற்றுநோய் வந்த வரலாறோ இருந்தால், இது எலும்பு மெலிவால் வந்ததுதானா என்று விசாரித்தே தீர வேண்டும்.

கேள்வி: எலும்பு மெலிவுக்காக வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை எலும்பு கூடுவதைத் தடுக்குமா?

பதில்: அப்படிக் குறிப்பிடும்படியான தடை தெரியவில்லை. பயந்து தள்ளிப்போட வேண்டாம். ஆனால் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். முதுகு வலியில் அரைமணி நேரம் நிமிர்ந்து இருக்க முடியாதவர்கள் டாக்டரிடம் அதைச் சொன்னால், ஊசியாக மாற்றித் தருவார். டெனோசுமாப் ஊசி போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 6 மாதத்துக்கு ஒருமுறை போடுவது அது. நடுவில் விட்டுவிட்டால் எலும்பு வேகமாக மெலிந்து, ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகள் நசுங்கிய சம்பவங்கள் உண்டு. நிறுத்துவதென்றால் மாற்று மருந்தோடுதான்.

கேள்வி: புரதம் எவ்வளவு வேண்டும்?

பதில்: வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்ற அளவில் தினமும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள். புரதம் மட்டும் சாப்பிட்டுப் பயிற்சி செய்யாவிட்டால் தசை வராது. வைட்டமின் டி குறைவாக இருந்தால் தசையும் தளரும், அதையும் சரிசெய்யுங்கள்.

கேள்வி: எனக்கு வலியே இல்லை. ஆனால் உயரம் 4 செ.மீ. குறைந்துவிட்டது. வயதானால் அப்படித்தானே?

பதில்: அப்படி விட்டுவிடாதீர்கள். முள்ளெலும்பு நசுங்கல்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு யாருக்கும் தெரியாமலே நடந்து முடிகின்றன. குதிகால், பிட்டம், முதுகு மூன்றையும் சுவரில் ஒட்டி நின்று பாருங்கள். பின்னந்தலை சுவரைத் தொடவில்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. பக்கவாட்டு எக்ஸ்-ரே ஒன்று எடுங்கள். லேசாக விழுந்தோ விழாமலோ நசுங்கியிருப்பது தெரிந்தால், டெக்ஸாவில் அடர்த்தியைக் காட்டும் எண் (டி-ஸ்கோர்) எலும்பு மெலிவுக்கான எல்லையான -2.5-ஐத் தொடாவிட்டாலும் எலும்பு மெலிவு என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்க வேண்டும். ஒரு முள்ளெலும்பு புதிதாக நசுங்கியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்று நசுங்குகிறது. ஆகவே எக்ஸ்-ரேயை அடுத்த வருடப் பரிசோதனைக்கு என்று ஒதுக்காமல் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.